நோயுற்ற முதுநாய்க்கு ஒரு மனை
(வாரவகுப்புப் பாடம்)



பெங்களூரின் தென்பாகத்தில், ஓசூர் சாலையை அடுத்த அடுகோடியில், நகர ஆயுதப்படைக் காவலரின் மைதானம் ஒன்று உளது. மாநகரக் காவல்துறையின் நாய்ப்படை அங்கேதான் பேணப்படுகின்றது. வெடிமருந்தை மோப்பத்தால் அறிதலும், குற்றவாளி சென்ற வழியைத் தொடர்தலும், போதைப்பொருளைக் கண்டுபிடித்தலும் அந்நாய்களின் தொழில். இளமையிற் பழக்கப்பட்டு, ஒரு காவலரின் குரலையே தன் உலகமாகக் கொண்டு, ஒவ்வொரு நாயும் பல்லாண்டு உழைக்கின்றது. எட்டு முதல் பத்து வயதளவில் அதற்கு ஓய்வு வருகின்றது. அப்பொழுது இடுப்பெலும்பு தளர்ந்திருக்கும். கண்ணிற் புரை படர்ந்திருக்கும். படியேற முன்கால் தூக்கினால் பின்கால் இணங்காது. இனி அது எங்கே செல்வது?

இவ்வினா காவல்துறை நாய்க்கு மட்டும் உரியதன்று. வீட்டுக்காரர் இறந்தமையாலோ, ஊர் மாறினமையாலோ, மருத்துவச் செலவுக்கு அஞ்சினமையாலோ காப்பகத்தில் விடப்பட்ட முதுநாய்கள் எல்லாவற்றிற்கும் உரியது. ஆதலின் இவ்வாரம் இதனையே பாடமாகக் கொண்டோம்.

கண்டும் காணாதார்

காப்பகத்திற்கு நாய் வேண்டிச் செல்வோர் எதனைத் தேடுகின்றனர்? பெரும்பாலும் குட்டியை, குட்டி இல்லையேல் சீமை இனத்து இளநாயை. சித்தார்த்த குமரர் தேரிற் சென்று கண்ட மூப்பு, பிணி, சாவு என்னும் மூன்றனுள் முன்னிரண்டும் முதுநாயின் கூட்டில் ஒருங்கே உள்ளன. மூன்றாவது வாயிலில் நிற்கின்றது. காண்போருள் பலர் அடுத்த கூட்டிற்கு நகர்ந்துவிடுகின்றனர். அங்கே குட்டிகள் துள்ளும்.

இவர்களைக் கொடியவர் என நாம் சொல்லவில்லை. அன்பு வைத்துச் சில திங்களில் இழக்க நேருமே என்னும் அச்சம் இயல்பானதே. ஆயினும் அந்த அச்சத்தின் விலையை யார் கொடுக்கின்றனர் என எண்ணுதல் வேண்டும். எத்துணை நல்ல காப்பகமாயினும், நூற்றுக்கணக்கான நாய்கள் குரைக்கும் இடத்தில், ஈரமான சிமெண்டுத் தரையில், மூட்டுநோயுடைய முதுநாய்க்கு உறக்கம் வாராது.

குக்குர ஜாதகம் இதனோடு ஒத்த ஒரு கதையைக் கூறுகின்றது. காசி மன்னனின் தேர் இரவில் வெளியே நிற்க, மழையில் நனைந்த அதன் தோல்வார்களை நாய்கள் கடித்துத் தின்றன. மன்னன் சினந்து நகரத்து நாய்களையெல்லாம் கொல்லுமாறு பணித்தான்; அரண்மனையில் வளர்ந்த உயர்ந்த இனத்து நாய்களுக்கு மட்டும் விலக்களித்தான். சுடுகாட்டில் வாழ்ந்த நாய்த்தலைவராகப் பிறந்திருந்த போதிசத்துவர் அவைக்குட் சென்று, இது நீதியன்று, எளியவற்றின் கொலையே என எடுத்துரைத்தார். பின் அரண்மனை நாய்களுக்கு மோரும் தருப்பைப் புல்லும் கொடுக்கச் செய்ய, அவை தோல் துண்டுகளைக் கக்கின. குற்றம் உள்ளே இருக்க, தண்டனை வெளியே சென்றது. இன்றும் சீமை நாய்க்கு ஒரு நீதி, நாட்டு நாய்க்கு ஒரு நீதி. குட்டிக்கு ஒரு நீதி, கிழட்டு நாய்க்கு ஒரு நீதி என்பதே நடப்பு.

நம் நாட்டில் நடந்தவை

1959-ஆம் ஆண்டு கிரிஸ்டல் ரோஜர்ஸ் என்னும் ஆங்கில மாது உலகப் பயணமாகப் புறப்பட்டு இந்தியாவிற்கு வந்தார். வழியில், உயிரோடு கிடந்த குதிரை ஒன்றின் கண்களைக் காகங்கள் கொத்தக் கண்டார். பயணம் அவ்வளவில் நின்றது. தில்லியிலும், பின்னர் ஜெய்ப்பூரிலும் பிராணிகளுக்குப் புகலிடம் அமைத்தார். முதுமையிற் பெங்களூருக்கு வந்து 1991-இல் ‘கூபா’ எனச் சுருக்கமாக வழங்கும் சங்கத்தைத் தொடங்கினார். 1996-இல் மறைந்தார். இந்நகரத்தில் வீடற்ற நாய்க்கு வீடு தேடும் பணி வேரூன்றியதில் அம்மூதாட்டிக்குப் பெரும் பங்குண்டு.

உழைத்து ஓய்ந்த நாய்களின் நிலை நெடுங்காலம் இரங்கத்தக்கதாகவே இருந்தது. பணிக்குத் தகுதியிழந்த இராணுவ நாய்கள் மருந்தூசியால் உயிர் போக்கப்படுகின்றன என்னும் செய்தி 2015-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே வெளிவந்தது. மக்கள் வருந்தினர், வழக்கும் எழுந்தது, அரசு அவ்வழக்கத்தைக் கைவிட முற்பட்டது. 2019 நவம்பரில் தில்லி மெட்ரோவைக் காத்த மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் ஏழு நாய்களுக்குப் பதக்கம் அணிவித்து விடைகொடுத்து, அவற்றை ஒரு பிராணிநலச் சங்கத்திடம் ஒப்படைத்தனர். ஓய்வுபெறும் நாயை அதனைப் பழக்கிய காவலர் விரும்பினால் அவருக்கே முதலில் அளிப்பது பல படைகளில் உள்ள நன்முறை. அது இயலாதபோதே புதிய மனை தேடவேண்டியதாகின்றது.

சட்டமும் இதிற் சிறிது பேசுகின்றது. ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரின் முயற்சியால் எழுந்த 1960-ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடைச் சட்டம், பசி தாகத்தால் துன்புறும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுதலைக் குற்றம் என்றது. ஆயினும் முதற் குற்றத்திற்கு அது வகுத்த அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரையே. தெருநாய்கள் பற்றிய வழக்கில் 2025 ஆகஸ்டு 22 அன்று உச்சநீதிமன்றம் பிறப்பித்த ஆணை, அன்புடையோர் மாநகராட்சிக்கு விண்ணப்பித்து நாய்களைத் தத்தெடுக்கலாம் என்றும், எடுத்த நாய் மீண்டும் தெருவிற்கு வாராமற் காப்பது அவரவர் பொறுப்பு என்றும் கூறிற்று. எடுப்பது எளிது, திரும்ப விடாமையே கடமை என்பது இதன் சாரம்.

நோயாளரைப் பேணுவோரின் ஐந்து குணங்கள்

நிற்க. முதுநாயை ஏற்க விரும்புவோர் தம்மை எவ்வாறு அளந்து பார்ப்பது? இதற்கு நம் விநய நூலிலேயே அளவுகோல் உளது. வயிற்றுக்கடுப்பால் தன் கழிவிலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் பகவான் கண்டார். ‘உனக்குத் துணை இல்லையா?’ என வினவ, தம்மால் பிறர்க்குப் பயன் இன்மையின் எவரும் கவனிப்பதில்லை என அவர் விடை பகர்ந்தார். பகவான் நீர் வார்க்க, ஆனந்தர் கழுவ, இருவருமாக அவரைத் தூக்கிக் கட்டிலிற் கிடத்தினர். அவ்விடத்திலேயே நோயாளரைப் பேணுவோர்க்குரிய ஐந்து குணங்கள் வகுக்கப்பட்டன. பயனற்றவர் என்பதனாற் கைவிடப்பட்ட அப்பிக்குவையும், உழைப்பு ஓய்ந்தமையாற் கூட்டில் விடப்பட்ட நாயையும் அருகருகே வைத்து எண்ணுங்கள். ஐந்து குணங்களும் இங்கும் பொருந்தும்.

முதலாவது, மருந்தை ஆக்கித் தரும் திறம். முதுநாய்க்கு மூட்டுவாதம், இதயத் தளர்ச்சி, சிறுநீரகக் கோளாறு முதலியவற்றிற்கு நாள்தோறும் மருந்து தவறாமற் செல்லவேண்டும். மாத்திரையைச் சிறு ராகி உருண்டையில் மறைத்துக் கொடுக்கலாம். விழுங்கிற்றா, உமிழ்ந்ததா எனப் பார்த்தே அகலவேண்டும். மனிதர்க்குரிய வலிமருந்தை மருத்துவரைக் கேளாமல் ஒருநாளும் கொடுத்தல் ஆகாது. பாரசிட்டமாலும் இபுபுரூபனும் நாய்க்கு நஞ்சாகக் கூடியவை. இரக்கத்தாற் கொடுத்த ஒரு மாத்திரை ஈரலையோ சிறுநீரகத்தையோ கெடுத்துவிடும்.

இரண்டாவது, நன்மை தருவது எது, தீமை தருவது எது என்னும் அறிவு. வெங்காயம், திராட்சை, சாக்லேட், வெந்த கோழியெலும்பு ஆகியவை ஆகா. சிறுநீரக நோயுடைய நாய்க்கு மருத்துவர் சொன்ன உணவன்றி வேறு கூடாது. உடல் பருத்தால் மூட்டு தாங்காது; ஆதலின் அன்பை உணவின் அளவிற் காட்டலாகாது. நம் வீடுகளின் வழவழப்பான டைல்ஸ் தரையில் இடுப்பு தளர்ந்த நாய் வழுக்கி விழும். படுக்கும் இடத்திலிருந்து வாசல் வரை பழைய சாக்கையோ கால்மிதியையோ விரித்தால் அதற்கு நடக்கத் துணிவு வரும். மார்கழிக் குளிரில் பெங்களூரில் மூட்டுவலி மிகும்; தரையினின்று சற்று உயர்ந்த, கனமான படுக்கை வேண்டும். நெடுநடை ஒன்றினும் குறுநடை மூன்று நன்று. தண்ணீர் குடித்தல் திடீரென மிகுந்தால் அதனைக் குறித்துவைத்து மருத்துவரிடம் கூறவேண்டும். ஆண்டிற்கு இருமுறை சோதனையும், வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் தவறலாகாது.

மூன்றாவது, ஊதியம் கருதாது அன்பினாற் செய்தல். காவலுக்கு நாய் வேண்டுவோர் முதுநாயை எடாதிருத்தலே நலம். காவற்படையில் இருந்த நாய் எம் வீட்டில் உளது எனப் பெருமை பேசற்கு எடுப்பதும் அன்பன்று. அப்பெருமை முதல் மருத்துவச் சீட்டோடு தீர்ந்துவிடும். அந்நாய் தன் கடமையை முடித்தே வந்துள்ளது. அதனிடம் நாம் பெறவேண்டியது யாதுமில்லை.

நான்காவது, மலம், சிறுநீர், வாந்தி, எச்சில் ஆகியவற்றிற்கு அருவருப்பு இன்மை. இதுவே பலரும் தோற்கும் இடம். முதுநாய் இரவில் அடக்கமாட்டாமல் வீட்டினுள் சிறுநீர் கழிக்கும். அடித்தாற் பயனில்லை, அது குற்றமன்று, பிணி. ஆதலின் எடுப்பதற்கு முன் வீட்டார் அனைவரையும், சிறப்பாகத் தரை துடைக்கும் பொறுப்பு யார்மேல் விழுமோ அவரை, கலந்து கேட்டல் வேண்டும். ஆடவர் கருணை செய்ய, பெண்டிர் துடைப்பது அறமாகாது. வாடகை வீடாயின் உரிமையாளரிடம் மறையாது சொல்லிவிடவேண்டும்.

ஐந்தாவது, தக்க பொழுதில் தம்மமொழி கூறி மனத்தைத் தேற்றுதல். நாய்க்குத் தம்மமொழி ஏது எனச் சிலர் நகைப்பர். சொல் விளங்காது, குரலின் மென்மை விளங்கும். செவி மங்கிய நாய்க்குக் கையின் தொடுகை விளங்கும். கண் மங்கிய நாய்க்கு வீட்டுப் பொருள்களை இடம் மாற்றாதிருத்தலே ஆறுதல். காவல்துறை நாயாயின், எந்தச் சொல்லுக்கு உட்காரும், எந்தச் சொல்லுக்கு அருகில் வரும் என்பதைப் பழக்கிய காவலரிடம் கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும். புதிய வீட்டில் அதற்குத் தெரிந்த ஒரே மொழி அதுவாக இருக்கும்.

நாயின் நாவாக நிற்றல்

இப்பாடத்தின் உயிர்நிலைக்கு வருவோம். அதே இடத்தில் நோயாளர்க்குரிய குணங்களும் ஐந்தாகக் கூறப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று, தன் நோயை உள்ளவாறு கூறுதல்: கூடினால் கூடிற்று எனவும், குறைந்தால் குறைந்தது எனவும், நின்றால் நின்றது எனவும் பேணுவோர்க்கு உரைத்தல். மற்றைக் குணங்களை நாய் தன்னளவில் நிறைவேற்றும். வலியைப் பொறுத்தலில் நம்மினும் மிக்கது அது. ஆனால் இந்த ஒன்று மட்டும் அதனால் இயலாது. அதற்குச் சொல் இல்லை. ஆகவே அதனைக் கொடுப்பவரே அதன் நாவாக நிற்றல் வேண்டும்.

நடப்பதோ பெரும்பாலும் வேறு. ஒரு முதுநாய்க்கு எவ்வாறேனும் வீடு கிடைக்கட்டும் என்னும் நல்லெண்ணத்தால், கொடுப்பவர் வயதைக் குறைத்துச் சொல்கின்றார். ‘சிறு மூட்டுவலிதான்’ என்கின்றார். இரவில் எழுந்து ஊளையிடுவதைச் சொல்லாது விடுகின்றார். பொய்யால் ஓர் உயிர்க்கு நன்மை செய்கிறோம் என எண்ணுகின்றார். விளைவு யாது? ஓர் உதாரணம் கொள்வோம். பத்து வயதான நாயை ஆறு வயது எனச் சொல்லி ஒரு குடும்பத்திற்குக் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். முதல் திங்களில் சிறுநீரகச் சோதனை. இரண்டாம் திங்களில் ஊசியும் மருந்தும். மூன்றாம் திங்களில் நாய் திரும்பவும் காப்பகத்தின் வாயிலில். அக்குடும்பம் ஏமாற்றப்பட்டதாக எண்ணி இனி எந்த நாயையும் எடாது, அயலாரையும் எடுக்கவிடாது. நாயோ, ஒருமுறை இழந்த வீட்டை இரண்டாம் முறையும் இழந்தது. பொய்யாமை என்னும் நாலாஞ்சீலம் மனிதர் பொருட்டு மட்டும் ஏற்பட்டதன்று என்பது இதனால் விளங்கும்.

ஆகவே கொடுப்பவர் எழுத்தில் தரவேண்டியவை இவை: வயது, அது பல்லைப் பார்த்து மதிப்பிட்டதாயின் அச்செய்தி, நோய்களின் பெயர், மருந்தின் பெயர், அளவு, திங்கட்செலவு, தடுப்பூசிக் குறிப்பு, எவரையேனும் கடித்ததுண்டா, எந்நிலையில், குழந்தைகளோடும் பூனையோடும் பிற நாய்களோடும் எவ்வாறு பழகும், தனியே இருக்குமா, தீபாவளி வெடிக்கு அஞ்சுமா, இரவில் என்ன செய்யும். இவற்றோடு அதற்கு இன்பம் தருவதையும் எழுதுக: காதின் பின்புறம் சொறிந்தால் கண்மூடும் என்பதும், காலை வெயிலில் எந்த மூலையில் படுக்கும் என்பதும் உண்மையே. நோயை மட்டும் எழுதினால் அதுவும் அரைமெய்யே.

இவ்வாறு எழுதினால் எவர் எடுப்பர் என வினவலாம். கேட்டவருள் பலர் விலகுவர், அது உண்மை. ஆயினும் எஞ்சும் ஒருவர் அறிந்து ஏற்றவராக இருப்பார். அறிந்து ஏற்றவர் அவ்வளவு எளிதிற் கைவிடார். முதுநாய்க்கு வேண்டுவது பல வீடுகள் அல்ல, ஒரு வீடே.

ஏற்கும் முறை

முதலில் ஒரு திங்கள் தற்காலிகமாக வைத்துப் பார்த்தல் நன்று. அனுபவமுடையோர் கூறும் கணக்கு ஒன்று உண்டு: மூன்று நாள் அச்சம், மூன்று வாரம் பழக்கம், மூன்று திங்கள் நிலைத்தல். முதல் மூன்று நாளில் உண்ணாமலும், மூலையிலேயே கிடந்தும் இருத்தல் கண்டு மனம் தளரவேண்டாம். மருத்துவச் செலவிற் பங்கேற்கக் காப்பகம் இசையுமா என முன்னரே கேட்டல் தவறன்று. வறியவர் இல்லத்திலும் கருணை உண்டு, பணமே இல்லை. தனியொருவர்க்கு இயலாததைச் சங்கத்தார் பங்கிட்டுக்கொள்ளலாம்: ஒருவர் வீடு தர, ஒருவர் மருந்து தர, ஒருவர் மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம். ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களுக்கு முதுநாயை ஆட்டோவில் ஏற்றிச் செல்ல இருவர் கை வேண்டும் என்பதை மறவற்க. வேண்டாத நிலை வந்தால் தெருவில் விடாது, கொடுத்தவரிடமே மீண்டும் ஒப்படைப்பதாக எழுதித் தருதலும் வேண்டும்.

இறுதி பற்றியும் ஒரு சொல். ஏற்றபோதே அதன் சாவையும் ஏற்றோம் என உணர்க. செலவு மிகுந்தது, சலிப்பு வந்தது என்பதற்காக ஊசியிட்டு முடித்துவிடச் சொல்லுதல் முதற்சீலத்திற்கு முற்றும் மாறு. வலியைத் தணிக்கும் மருந்தை இறுதிவரை கேட்டுப் பெறுதல் நம் கடன். எம்மருந்தாலும் தணியாத துன்பம் வரின், அங்கே எளிய விடை இல்லை. மருத்துவரின் அறிவையும், நம் உள்ளத்தில் இருப்பது அதன் துன்பமா நம் தொல்லையா என்னும் ஆராய்ச்சியையும் முன்வைத்தே நடத்தல் வேண்டும். எவ்வாறாயினும் அந்நேரத்தில் அது தனித்திராமல், நம் கை அதன் தலைமேல் இருத்தல் வேண்டும்.

அசோக மன்னர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், சோழர் பாண்டியர் நாடு ஈறாக மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவ வசதி செய்ததை அறிவித்தார். இருவகை மருத்துவத்தையும் அவர் ஒரே கல்லில், ஒரே வாக்கியத்திற் பொறித்தார். பேரரசு செய்ததை ஒரு வீடு தன் அளவிற் செய்யலாம். அடுகோடியின் மைதானத்தினின்றோ, ஒரு காப்பகத்தின் கூட்டினின்றோ, நரைத்த முகவாயோடு ஒரு நாய் வெளிவரும் நாளில், அதன் நோயை உள்ளவாறு சொல்ல ஒருவரும், கேட்டும் விலகாதிருக்க ஒருவரும் நம்முள் இருப்பாராக.

வகுப்பில் ஆராய்தற்குரிய வினாக்கள்

1. குக்குர ஜாதகத்தில் மன்னன் செய்த பிழை யாது? அப்பிழை இன்று எவ்வடிவில் உளது?
2. பேணுவோர்க்குரிய ஐந்து குணங்களுள் உம்மிடம் குறைவானது எது? அதனை நிறைக்க வீட்டில் எவர் துணை செய்வர்?
3. நல்ல நோக்கத்தோடு கூறிய பொய்யால் முதுநாய்க்கும் ஏற்றவர்க்கும் விளையும் கேடுகள் யாவை?
4. தனியே ஒரு நாயை ஏற்க இயலாதவர் எவ்வெவ்வகையில் உதவலாம்?